நெம்புகோலும் எடைகளும்: சமநிலைக் கணக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தண்டு, அதைத் தாங்க ஓர் ஆதாரம், அங்கங்கே சில எடைகள். தண்டு அசையாமல் நிற்க வேண்டுமானால் எந்த எடை எங்கே இருக்க வேண்டும்? தாங்கிமேல் எவ்வளவு சுமை விழும்? இந்தக் கணக்குகளில் பெருக்கல், கூட்டல் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் நன்றாகப் படிக்கிறவர்கள்கூட இங்கே தடுமாறுகிறார்கள். பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்ததில் நான் கவனித்தது இதுதான்: சமன்பாடு எழுதும் முன்பே தவறு நடந்துவிடுகிறது. எந்தப் பொருளின் சமநிலையைப் பார்க்கிறோம், எந்தப் புள்ளியிலிருந்து தொலைவை அளக்கிறோம் என்ற இரண்டையும் முடிவு செய்யாமலே எண்களைப் பெருக்க ஆரம்பித்துவிடுகிறோம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

எண்கள் எளிதாக இருக்க, ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்திருக்கிறேன். அதாவது 1 கிலோ நிறையின் எடை 10 நியூட்டன். துல்லியம் வேண்டுமென்றால் 9.8 போட்டுக்கொள்ளுங்கள்.

சமநிலை என்றால் சரியாக என்ன?

பொருள்மேல் செயல்படும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டினால் சுழி வர வேண்டும். அதே மாதிரி எல்லாத் திருப்புத்திறன்களையும் கூட்டினாலும் சுழி வர வேண்டும்.

முதல் நிபந்தனை மட்டும் போதாது. மேசைமேல் கிடக்கும் அளவுகோலின் ஒரு முனையை முன்பக்கமாகவும் மறு முனையை அதே அளவு விசையால் பின்பக்கமாகவும் தள்ளிப்பாருங்கள். மொத்த விசை சுழிதான், ஆனால் அளவுகோல் சுழலும். இப்படி அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருந்து, வெவ்வேறு கோடுகளில் செயல்படும் இரண்டு விசைகளை 'இரட்டை' என்கிறோம். கடைசிக் கேள்வியில் இது மறுபடியும் வரும்.

திருப்புத்திறனை எப்படிக் கணக்கிடுவது?

விசையை எடுத்து, நீங்கள் தேர்ந்த புள்ளியிலிருந்து அந்த விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்க வேண்டும். அலகு நியூட்டன் மீட்டர். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் வலஞ்சுழி, எதிர்ப்பக்கம் திருப்பினால் இடஞ்சுழி. இரண்டும் சமமாக இருந்தால் பொருள் சுழலாது.

நடுவில் தாங்கப்பட்ட சீசா பலகையில், இடப்பக்கம் 2 மீட்டரில் 30 கிலோ குழந்தை உட்கார்ந்திருக்கிறது. 40 கிலோ குழந்தை வலப்பக்கம் எங்கே உட்கார வேண்டும்? இடஞ்சுழி 300 × 2 = 600. வலஞ்சுழி 400 × தொலைவு. ஆக 1.5 மீட்டர்.

அதெல்லாம் சரி, எடையைத் தொலைவால் ஏன் பெருக்க வேண்டும்? தொலைவின் வர்க்கமாக ஏன் இல்லை?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மிகவும் சந்தோஷம். கிமு 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் இதற்குப் பதில் சொன்னார்: சம எடைகள் சம தொலைவில் இருந்தால் சமநிலை என்பதை மட்டும் அடிப்படையாக வைத்து மீதியை நிறுவினார். அதே வழியை கலிலியோ 1638இல் வெளியான தன் நூலில் இன்னும் எளிதாக்கிக் காட்டினார். அந்த வாதம் கிட்டத்தட்ட இப்படிப் போகும்.

10 அடி நீளமுள்ள சீரான தண்டு ஒன்றை நடுவில் கட்டித் தொங்கவிடுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அது எந்தப் பக்கமும் சாய முடியாது. இதற்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை. இப்போது மனத்துக்குள் மட்டும் அந்தத் தண்டை 6 அடி, 4 அடி என இரண்டு துண்டாகப் பாருங்கள். 6 அடித் துண்டின் எடையை அதன் நடுவில் இருப்பதாகக் கொள்ளலாம். அந்த நடு, இட முனையிலிருந்து 3 அடி, ஆகவே தொங்கும் புள்ளியிலிருந்து 2 அடி. 4 அடித் துண்டின் நடு, வல முனையிலிருந்து 2 அடி, ஆகவே தொங்கும் புள்ளியிலிருந்து 3 அடி. எடைகள் 6க்கு 4, தொலைவுகள் 2க்கு 3. பெருக்கினால் இரண்டு பக்கமும் 12. 7க்கு 3 என்று பிரித்துப்பாருங்கள், 7 × 1.5 = 3 × 3.5. எப்படிப் பிரித்தாலும் இதே கதைதான். வர்க்கம் போட்டிருந்தால் பொருந்தாது.

கிலோவிலேயே கணக்குப் போடலாமா, நியூட்டனுக்கு மாற்றியே ஆக வேண்டுமா?

எல்லா விசைகளும் எடைகளாகவே இருந்து, தேடுவதும் ஒரு நிறையோ தொலைவோதான் என்றால் கிலோவே போதும். இரண்டு பக்கமும் 10 அடிபட்டுவிடும். கயிற்றின் இழுவிசை, சுருள்வில், கையால் தரும் தள்ளல் இவற்றில் ஒன்று நியூட்டனில் வந்துவிட்டால் எல்லாவற்றையும் நியூட்டனுக்கு மாற்றிவிடுங்கள். கலந்து எழுதுவதுதான் ஆபத்து.

தண்டின் சொந்த எடையைச் சேர்க்க வேண்டுமா?

"எடையற்ற தண்டு" என்று கணக்கில் சொல்லியிருந்தால் வேண்டாம். இல்லையென்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும். சீரான தண்டின் மொத்த எடையும் அதன் நடுப்புள்ளியில் கீழ்நோக்கி இழுப்பதாக ஒரு அம்புக்குறி போட்டால் போதும். தண்டை நடுவிலேயே தாங்கியிருந்தால் அந்த அம்பின் தொலைவு சுழி. அதனால்தான் சீசா கணக்கில் பலகையின் எடையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இதைத் திருப்பிப்போட்டால் தராசே இல்லாமல் அளவுகோலின் நிறையைக் கண்டுபிடிக்கலாம். 100 செ.மீ. சீரான அளவுகோலை 40 செ.மீ. குறியில் ஒரு கத்தி முனையில் நிறுத்துங்கள். 50 கிராம் எடை 16 செ.மீ. குறியில் தொங்கும்போது அது கிடைமட்டமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையின் தொலைவு 40 − 16 = 24. அளவுகோலின் நடு 50இல் இருப்பதால் அதன் தொலைவு 10. ஆகவே 50 × 24 = நிறை × 10, நிறை 120 கிராம். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, 16 என்ற குறியையே தொலைவு என்று எடுத்துப் பெருக்குவது. அளவுகோலில் உள்ள எண், அதன் முனையிலிருந்து உள்ள தொலைவு. நமக்குத் தேவை கத்தி முனையிலிருந்து உள்ள தொலைவு.

எந்தப் புள்ளியைப் பொறுத்துத் திருப்புத்திறன் எடுப்பது? இரண்டு தாங்கிகள் இருந்தால் எது ஆதாரப்புள்ளி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எந்தப் புள்ளியையும் எடுக்கலாம். அசையாமல் நிற்கும் பொருள் எந்தப் புள்ளியைப் பொறுத்தும் சுழலவில்லை அல்லவா? ஆகவே எதைப் பொறுத்து எடுத்தாலும் கூட்டுத்தொகை சுழியாகத்தான் வரும். சீசா பலகைக்கே திரும்பிப் போவோம். ஆதாரத்தை விட்டுவிட்டு, இடப்பக்கக் குழந்தை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து எடுப்போம். பலகையை எடையற்றது என்று கொண்டால், ஆதாரம் மேல்நோக்கித் தரும் 700 நியூட்டன் 2 மீட்டரில் இருக்கிறது, அது 1400. வலப்பக்கக் குழந்தையின் 400 நியூட்டன் 3.5 மீட்டரில் இருக்கிறது, அதுவும் 1400. சரியாக வருகிறது. பலகைக்கு வெளியே காற்றில் ஒரு புள்ளியை எடுத்தாலும் இப்படியே வரும். ஆதாரத்தின் எதிர்விசையை மறக்காமல் சேர்ப்பது மட்டும் முக்கியம்.

எல்லாப் புள்ளியும் சரி என்றால் எது வசதி? தெரியாத விசை செயல்படும் இடம். அங்கே அதன் தொலைவு சுழி, ஆகவே அது சமன்பாட்டிலிருந்தே காணாமல் போய்விடும். இரண்டு தெரியாத விசைகள் இருந்தால், ஒன்றின் மேல் நின்று மற்றதைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு கணக்கு. 6 மீட்டர் நீளம், 20 கிலோ நிறையுள்ள சீரான பலகை. ஒரு தாங்கி இட முனையில், இன்னொன்று அங்கிருந்து 4 மீட்டரில். மீதி 2 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இட முனையிலிருந்து 1 மீட்டரில் 50 கிலோ மனிதர் ஒருவர் நிற்கிறார். தாங்கிகள் எவ்வளவு சுமக்கின்றன?

இடத் தாங்கியைப் பொறுத்து எடுப்போம். அதன் விசை மறைந்துவிடும். மனிதர் 500 × 1 = 500, பலகை 200 × 3 = 600, மொத்தம் 1100 வலஞ்சுழி. வலத் தாங்கியின் விசை × 4 இதைச் சமன் செய்ய வேண்டும், ஆகவே 275 நியூட்டன். மொத்த எடை 700 என்பதால் இடத் தாங்கி 425.

விடை சரியா என்று பார்க்க, இதுவரை பயன்படுத்தாத இன்னொரு புள்ளியை எடுங்கள். வலத் தாங்கியைப் பொறுத்து: பலகை 200 × 1, மனிதர் 500 × 3, மொத்தம் 1700. இடத் தாங்கி 425 × 4 = 1700. அரை நிமிட வேலை. தேர்வில் இதைச் செய்யாமல் அடுத்த கணக்குக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

ஒரு சமன்பாட்டுக்குள் புள்ளியை மாற்றக் கூடாது. மனிதரின் தொலைவை இட முனையிலிருந்தும் பலகையின் தொலைவை வலத் தாங்கியிலிருந்தும் அளந்து ஒரே வரியில் எழுதினால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை.

அதே பலகையில் மனிதர் நீட்டிய பகுதிக்கு நடந்தால் எப்போது கவிழும்?

அவர் வலப்பக்கம் போகப் போக இடத் தாங்கியின் சுமை குறைந்துகொண்டே வரும். அது சுழி ஆகும் கணம்தான் எல்லை. அந்தக் கணத்தில் வலத் தாங்கியைப் பொறுத்துப் பார்த்தால், பலகையின் 200 × 1 மட்டுமே அவரை எதிர்க்கிறது. 500 × தொலைவு = 200, ஆகவே தாங்கியைத் தாண்டி 0.4 மீட்டர். ஒரு முழ அளவுக்கும் கொஞ்சம் குறைவு! நீட்டியிருக்கும் பலகையின்மேல் நடப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த எண் சொல்கிறது.

விடை எதிர்க்குறியில் வந்துவிட்டது. என்ன செய்வது?

நீங்கள் எண்ணிய திசை தலைகீழ் என்று பொருள். அளவு சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சும்மா வைக்கப்பட்ட தாங்கி தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. கயிறு இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. இவற்றுக்கு எதிர்க்குறி வந்தால் அந்தச் சமநிலையே சாத்தியமில்லை. மேலே உள்ள மனிதர் 5 மீட்டரில் நிற்பதாகப் போட்டால் இடத் தாங்கிக்கு −75 வரும். பலகையை அங்கே ஆணி அடித்துப் பிடித்திருந்தால் சரி, இல்லையென்றால் அவர் ஏற்கெனவே கீழே விழுந்திருப்பார்.

விசை சாய்வாக இருந்தால்?

செங்குத்துத் தொலைவு என்ற சொல்லுக்கு இப்போதுதான் வேலை. தண்டின் வழியே அளந்த தொலைவை அப்படியே பெருக்கக் கூடாது. இரண்டு வழி உண்டு: விசையின் கோட்டை நீட்டி அதற்குச் செங்குத்து வரைந்து அளக்கலாம். அல்லது விசையையே தண்டுக்குக் குறுக்காக ஒன்று, தண்டின் வழியே ஒன்று எனப் பிரித்து, குறுக்கே உள்ள பகுதியை மட்டும் பெருக்கலாம். இரண்டும் ஒரே விடை தரும். எனக்கு இரண்டாவது பிடிக்கும், பிழை வர வாய்ப்பு குறைவு.

சுவரில் கீலால் பொருத்திய 2 மீட்டர் தண்டு கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. நிறை 8 கிலோ. முனையில் 12 கிலோ தொங்குகிறது. அதே முனையிலிருந்து ஒரு கயிறு, தண்டோடு 30° கோணத்தில் மேலே ஏறிச் சுவரைப் பிடிக்கிறது. கயிற்றில் இழுவிசை எவ்வளவு?

கீலைப் பொறுத்து எடுப்போம். தண்டு 80 × 1 = 80, தொங்கும் எடை 120 × 2 = 240, மொத்தம் 320. கயிற்றின் குறுக்குப் பகுதி, இழுவிசை × சைன் 30°, அதாவது பாதி. பாதி × 2 மீட்டர் என்பது இழுவிசையே. ஆகவே 320 நியூட்டன்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: மொத்த எடையே 200 நியூட்டன்தானே, கயிறு எப்படி 320 இழுக்கும்? பிழை இல்லை. கயிற்றின் இழுப்பில் ஒரு பங்குதான் மேலே தூக்குகிறது, மீதி தண்டைச் சுவரோடு அழுத்துகிறது. கோணத்தை 10° ஆக்கினால் இழுவிசை சுமார் 920 நியூட்டன் ஆகிவிடும். கயிறு படுக்கப் படுக்க இழுவிசை எகிறும்.

கீலில் உள்ள விசை எந்தத் திசையில் என்று தெரியவில்லையே?

தெரிய வேண்டியதில்லை. கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என இரண்டு தெரியாத விசைகளாக எழுதுங்கள். மேலே உள்ள கணக்கில் கிடைமட்டம் 320 × கொசைன் 30° = 277 நியூட்டன். செங்குத்தாகக் கயிறு 160 தூக்குகிறது, மொத்தம் 200, ஆகவே கீல் 40 தூக்க வேண்டும். தண்டின் வெளி முனையைப் பொறுத்துச் சரிபார்த்தால்: 40 × 2 = 80 × 1. சரி.

ஒரு நெம்புகோலிலிருந்து இன்னொரு நெம்புகோல் தொங்கினால் எங்கே ஆரம்பிப்பது?

கீழே இருப்பதிலிருந்து. ஒவ்வொரு தண்டுக்கும் தனிப் படம் வரையுங்கள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் போட்டுக் குழம்புவதுதான் இங்கே வழக்கமான விபத்து.

எடையற்ற இரண்டு தண்டுகள். கீழ்த் தண்டில் ஒரு பக்கம் 2 கிலோ 30 செ.மீ. தொலைவில், மறு பக்கம் 3 கிலோ 20 செ.மீ. தொலைவில். 60க்கு 60, சமம். இனி மேல் தண்டுக்கு இந்த முழு அமைப்பும் ஒரே கயிற்றில் தொங்கும் 5 கிலோதான். கீழே எடைகள் எவ்வளவு அகலமாக விரிந்திருந்தாலும் மேல் தண்டுக்கு அது தெரியாது. அந்தக் கயிறு மேல் தண்டில் 12 செ.மீ. தொலைவில் கட்டப்பட்டிருந்தால், மறு பக்கம் 20 செ.மீ. தொலைவில் 3 கிலோ வேண்டும். உச்சியில் உள்ள கொக்கி 8 கிலோ சுமக்கிறது.

தண்டு சாய்ந்த நிலையில் இருந்தால் சமநிலை மாறுமா?

நேரான தண்டு, ஆதாரப்புள்ளி, எடைகள் தொங்கும் புள்ளிகள், தண்டின் ஈர்ப்பு மையம் (அதன் மொத்த எடையும் செயல்படுவதாகக் கொள்ளும் புள்ளி) எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் மாறாது. சாயும்போது எல்லாச் செங்குத்துத் தொலைவுகளும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கும்.

அப்படியென்றால் தராசு ஏன் ஆடி ஆடி நேராக வந்து நிற்கிறது? அதன் கோலின் ஈர்ப்பு மையத்தை ஆதாரப்புள்ளிக்குச் சற்றுக் கீழே அமைத்திருப்பார்கள். சாய்ந்தால் அந்த மையம் ஒரு பக்கம் விலகி, கோலைத் திருப்பி இழுக்கும். மையம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குத் தராசு நுட்பமாக இருக்கும், ஆனால் ஆடி ஓய நேரம் எடுக்கும். மையம் மேலே போய்விட்டால் தொட்டாலே ஒரு பக்கம் கவிழ்ந்துவிடும். வளைந்த நெம்புகோல்களில் ஒவ்வொரு சாய்வுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

சிறு விசையால் பெரிய பாரத்தைத் தூக்க முடிகிறது. மிச்ச ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வரவில்லை. விசை 5 மடங்கு பெருகினால், கை 5 மடங்கு தூரம் நகர வேண்டும். நிற்க ஓர் இடம் கொடுத்தால் பூமியையே நகர்த்துவேன் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. பூமியின் நிறை சுமார் 6 × 10²⁴ கிலோ. அதை ஒரு பாரமாக வைத்து 60 கிலோ மனிதர் சமன் செய்ய, ஆதாரத்துக்கு இரு பக்கமும் உள்ள நெம்புகோல் நீளங்களின் விகிதம் 10²³ இருக்க வேண்டும். மறு முனையை 1 செ.மீ. அசைக்க, அவர் 10²¹ மீட்டர் நகர வேண்டும். அது சுமார் 1 லட்சம் ஒளியாண்டு.

மூன்று தாங்கிகள் இருக்கும் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.

வராது, உங்கள் தவறு இல்லை. ஒரு தளத்தில் சமநிலை தருவது 3 சமன்பாடுகள்தான். எல்லா விசைகளும் மேலும் கீழுமாக இருந்தால் பயன்படுவது 2. மூன்று தெரியாத விசைகளுக்கு அது போதாது. தண்டு கொஞ்சமாவது வளையும் என்பதைக் கணக்கில் எடுத்தால்தான் விடை கிடைக்கும். ஒரே மட்டத்தில் சம இடைவெளியில் உள்ள 3 தாங்கிகளின்மேல், இரு முனைகளும் நடுவும் தாங்கப்பட்ட சீரான சட்டம் 160 நியூட்டன் எடை இருந்தால், முனைகள் தலா 30, நடு 100 சுமக்கும். நடுத் தாங்கி ஒரு மயிரிழை இறங்கினாலே இந்த எண்கள் மாறிவிடும். நான்கு கால் மேசை ஆடுவதும் மூன்று கால் முக்காலி ஆடாததும் இதற்கு நெருங்கிய விஷயங்கள்தான்.

தட்டு மேலே இருக்கும் மேசைத் தராசில் பொருளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாலும் அதே எடைதான் காட்டுகிறது. தொலைவு மாறிவிட்டதே?

பிரெஞ்சுக் கணித அறிஞர் ரோபர்வால் 1669இல் இந்த அமைப்பைக் காட்டியபோதும் பார்த்தவர்களுக்கு இதே திகைப்புதான். அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு இணையான நெம்புகோல்கள் இருக்கும். இரண்டின் முனைகளையும் ஒரு செங்குத்துத் தண்டு இணைக்கும். தட்டு அந்தத் தண்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும்.

முழுத் தராசையும் விட்டுவிட்டு அந்தச் செங்குத்துத் தண்டை மட்டும் தனியாக வரையுங்கள். 20 நியூட்டன் பொருள், தண்டின் கோட்டிலிருந்து 10 செ.மீ. வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்டைச் சாய்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 2 நியூட்டன் மீட்டர். நெம்புகோல்கள் இணையும் இரண்டு முளைகளும் 5 செ.மீ. இடைவெளியில் இருந்தால், மேல் முளையில் 40 நியூட்டன் ஒரு பக்கமாகவும் கீழ் முளையில் 40 நியூட்டன் எதிர்ப்பக்கமாகவும் கிடைமட்டமாகத் தோன்றி அதைச் சமன் செய்யும். முதல் பதிலில் பார்த்த இரட்டைதான் இது. இந்தக் கிடைமட்ட விசைகள் நெம்புகோல்களின் நீளத்தின் வழியே சென்று நேராக அவற்றின் ஆதாரப்புள்ளிகளில் முடிகின்றன. செங்குத்துத் தொலைவு சுழி, ஆகவே அவற்றால் நெம்புகோலைத் திருப்ப முடியாது. நெம்புகோல்களைத் திருப்புவது கீழ்நோக்கிய 20 நியூட்டன் மட்டுமே. அது எப்போதும் தண்டின் முளைகளில்தான் செயல்படுகிறது, பொருளைத் தட்டில் எங்கே வைத்தாலும்.